மார்கழியில் டிரம்முக்கு அடியில் வெள்ளை ஊசி... உரம் கலப்படமா?

வயல் சந்தேகம்: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: தேன்கனிக்கோட்டை பக்கத்தில் இரண்டரை ஏக்கரில் சொட்டுநீர் போட்டு ரோஜா வைத்திருக்கிறோம். 13-0-45 உரத்தை 25 கிலோ மூட்டையாக வாங்குவோம். ஒரு மூட்டையை 80 லிட்டர் தண்ணீரில் கரைத்து டிரம்மில் வைத்துக்கொண்டு, நாலைந்து நாளைக்கு வெஞ்சூரி வழியாக விடுவோம். சித்திரை, வைகாசியில் சுத்தமாகக் கரைந்த உரம், இந்த மார்கழியில் கரைத்த மறுநாள் காலையிலேயே டிரம்முக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக, ஊசி மாதிரி படிந்து கிடக்கிறது. ஃபில்டர் இரண்டு முறை அடைத்துக்கொண்டது. கலப்பட உரம் என்று நினைத்து, என் வீட்டுக்காரர் கடையில் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டுவிட்டார். அந்தக் கடைக்காரர் பன்னிரண்டு வருடமாக எங்களுக்குக் கடனுக்கு உரம் கொடுத்தவர். இப்போது அவரும் பேசுவதில்லை, நாங்களும் அந்தப் பக்கம் போவதில்லை. அடியில் படிந்ததை அள்ளிக் கொட்டிவிடலாமா? இது கலப்படம்தானா? நாங்களே தெரிந்துகொள்ள வழி உண்டா? பெயர் போட வேண்டாம்.
– ஒரு வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: முதல் வேலையாக ஒன்று சொல்லிவிடுகிறேன், சகோதரி. அடியில் படிந்ததை அள்ளிக் கொட்டாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது கல்லோ மண்ணோ இல்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய உரமேதான். குளிரில் தண்ணீரால் தாங்க முடியாமல் கீழே இறக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதை நான் சொல்லி நீங்கள் நம்புவதைவிட, நீங்களே அளந்து பார்த்துவிட்டால் நல்லது என்று தோன்றியது. அதனால்தான் கடிதம் கிடைத்ததும் போனில் கூப்பிட்டேன். பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் மகள் பள்ளியில் கேட்டு ஒரு லேப் தெர்மாமீட்டர் வாங்கி வந்து, இரண்டு நாள் மாலையில் அளந்து எழுதி அனுப்பியிருக்கிறாள். அந்த அளவுகளை இங்கே தருகிறேன். ஓசூர், ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று குளிர் விழும் ஊரில் சொட்டுநீரில் உரம் விடுகிற எல்லோருக்கும் இது பயன்படும்.

ஏன் படிகிறது?

13-0-45 என்பது பொட்டாசியம் நைட்ரேட். நம் பெரியவர்கள் வெடியுப்பு என்று சொன்னார்களே, அதே பொருள்தான். இதில் 13 சதவிகிதம் தழைச்சத்து, 45 சதவிகிதம் சாம்பல்சத்து.

எந்த உப்பாக இருந்தாலும் தண்ணீர் ஓர் அளவுக்குத்தான் ஏற்கும். அந்த அளவைத் தாண்டிப் போட்டால், எவ்வளவு கலக்கினாலும் மிச்சம் அடியில் தங்கும். பெரும்பாலான உப்புகளுக்கு அந்த அளவு தண்ணீரின் சூட்டைப் பொறுத்து மாறும். அதிலும் வெடியுப்புக்கு ரொம்பவே மாறும். 30 டிகிரி செல்சியஸில் 100 லிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட 46 கிலோவை ஏற்கும். 20 டிகிரியில் 32 கிலோதான். 10 டிகிரியில் 21 கிலோவோடு நின்றுவிடும்.

இப்போது உங்கள் டிரம்மைப் பாருங்கள். 80 லிட்டரில் 25 கிலோ என்றால், 100 லிட்டருக்கு 31 கிலோ கணக்கு. வைகாசி மாதத்தில் தண்ணீர் இந்த அளவுக்குக் குளிர்வதில்லை. அதனால் தாராளமாகக் கரைந்தது. இந்த மார்கழியில் உங்கள் டிரம்மில் காலை 6 மணிக்கு 14 டிகிரி இருந்ததாக மகள் எழுதியிருக்கிறாள். 14 டிகிரியில் 100 லிட்டர் ஏற்பது சுமார் 25 கிலோ. அப்படியானால் உங்கள் 80 லிட்டர் 20 கிலோவைத்தான் வைத்துக்கொள்ளும். மீதி 5 கிலோ ஊசி ஊசியாகக் கீழே இறங்கிவிடும். மூட்டையில் ஐந்தில் ஒரு பங்கு!

நீங்கள் கலக்குவது மதியம். அப்போது டிரம்மில் 23 டிகிரி. அந்தச் சூட்டில் 25 கிலோவும் கரையும். ராத்திரி ஏறுகிற குளிரில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து, காலையில் கண்ணில் படுகிறது. "நேற்று நன்றாகத்தானே கரைந்தது" என்ற சந்தேகம் வருவதும் இதனால்தான்.

வீட்டிலேயே அளப்பது எப்படி?

வேண்டியவை இவை: ஒரு கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, மில்லி அளவு போட்ட குவளை, உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடி பாட்டில், லேப் தெர்மாமீட்டர், கலக்க ஒரு மூங்கில் குச்சி, இரண்டு பாத்திரம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது. அது 35 டிகிரிக்குக் கீழே காட்டாது.

1. பாட்டிலில் 40 கிராம் உரம் போட்டு, 100 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள்.

2. ஒரு பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, அதற்குள் பாட்டிலை நிறுத்துங்கள். கொதிக்கிற தண்ணீரில் சட்டென்று வைத்தால் கண்ணாடி வெடித்துவிடும். கை பொறுக்கிற சூடு போதும். குச்சியால் கலக்கிக்கொண்டே இருந்தால் எல்லாம் கரைந்து தெளிந்துவிடும்.

3. இப்போது பாட்டிலை எடுத்து, பச்சைத் தண்ணீர் வைத்த இன்னொரு பாத்திரத்தில் நிறுத்தி, மெதுவாகக் கலக்கியபடி ஆற விடுங்கள். தெர்மாமீட்டரின் குமிழ் கரைசலுக்கு நடுவில் இருக்கட்டும். அடியிலோ ஓரத்திலோ ஒட்டக் கூடாது. கரைசலுக்குள் முதல் மினுமினுப்பு தெரிகிற நேரத்தில் எத்தனை டிகிரி என்று குறித்துக்கொள்ளுங்கள்.

4. மறுபடி வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். கடைசி ஊசி மறைகிற டிகிரியையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் உங்கள் விடை.

5. அதே பாட்டிலில் இன்னும் 25 மில்லி தண்ணீர் சேர்த்துத் திரும்பவும் செய்யுங்கள். பிறகு இன்னொரு 25, அதன்பின் 50. உரம் அதே 40 கிராம்தான். தண்ணீர்தான் கூடிக்கொண்டே போகிறது.

முதல் நாள் உங்கள் மகளுக்கு அளவு சரியாக வரவில்லை. 40 கிராமும் 100 மில்லியும் உள்ள கரைசலில் 21 டிகிரி வரை ஒன்றுமே தெரியவில்லை. பிறகு திடீரென்று பாட்டில் முழுக்க ஊசி நிறைந்துவிட்டது என்றாள். உரத்தில் குறை இல்லை, அவள் செய்ததிலும் தப்பு இல்லை. வேகமாக ஆற வைத்தால் கரைசல் கொஞ்ச நேரம் ஏமாற்றும். தாங்க முடியாத உப்பையும் தாங்குவது போலப் பிடித்து வைத்திருக்கும். பற்றிக்கொள்ள ஒரு துகள் கிடைத்ததும் மொத்தமாக இறக்கிவிடும். பாலில் உறை விழுந்தபின் தயிர் ஆவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதனால் மறுநாள், ஆறுகிறபோது ஒரு சிட்டிகையில் பாதி உரத்தை மேலே தூவச் சொன்னேன். தூவியது கரைந்துவிட்டால், தண்ணீருக்கு இன்னும் இடம் இருக்கிறது. கரையாமல் நின்று வளர்ந்தால், அதுதான் எல்லை.

இரண்டாம் நாள் அவள் எடுத்த அளவு இது:

100 மில்லி தண்ணீர்: ஊசி தெரிந்தது 25 டிகிரி, மறைந்தது 27. நடு அளவு 26.
125 மில்லி: தெரிந்தது 19, மறைந்தது 21. நடு அளவு 20.
150 மில்லி: தெரிந்தது 14, மறைந்தது 17. நடு அளவு பதினைந்தரை.
200 மில்லி: ஐஸ் கட்டி போட்ட தண்ணீரில் வைத்துப் பார்த்தது. தெரிந்தது 8, மறைந்தது 10. நடு அளவு 9.

இதில் கணக்கு சுலபம். 100 மில்லிக்கு எத்தனை கிராமோ, 100 லிட்டருக்கு அத்தனை கிலோ. 125 மில்லியில் 40 கிராம் என்றால் 100 மில்லிக்கு 32 கிராம். ஆக, 20 டிகிரியில் 100 லிட்டருக்கு 32 கிலோ. 150 மில்லியில் 40 என்றால் 100 லிட்டருக்கு 27 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அது பதினைந்தரை டிகிரிக்கு. 200 மில்லியில் 40 என்றால் 100 லிட்டருக்கு 20 கிலோ. அது 9 டிகிரிக்கு. கிராஃப் தாளில் கீழே டிகிரியும் பக்கத்தில் கிலோவும் போட்டு நாலு புள்ளி வைத்தால், மேலே வளைந்து ஏறும் கோடு ஒன்று கிடைக்கும். அதை மோட்டார் ரூம் சுவரில் ஒட்டி வையுங்கள். காலையில் டிரம்மில் எத்தனை டிகிரியோ, அதற்கு நேராக எத்தனை கிலோ என்று பார்த்துக்கொள்ளலாம்.

புத்தகங்களில் சுத்தமான பொட்டாசியம் நைட்ரேட்டுக்குப் போட்டிருக்கும் அளவோடு உங்கள் மகளின் அளவு ஒத்துப்போகிறது. சமையலறைத் தராசை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருக்கமாக அளந்த பிள்ளைக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

கவனம்: இது வெடியுப்பு. காய்ந்த உரத்தை அடுப்பில் வைத்து வறுக்கவோ, நெருப்பு, டீசல், வைக்கோல் பக்கத்தில் வைக்கவோ கூடாது. இதற்குப் பயன்படுத்திய பாத்திரங்களைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். மீந்த கரைசலை மாட்டுத் தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நைட்ரேட் கலந்த தண்ணீரைக் குடித்தால் மாடு செத்துப்போகவும் கூடும். நிறையத் தண்ணீர் சேர்த்துச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.

தண்ணீர் ஏன் இன்னும் சில்லிடுகிறது?

யூரியாவை வாளியில் கரைக்கும்போது வாளி ஜில்லென்று ஆவதைக் கவனித்திருப்பீர்கள். வெடியுப்பும் அப்படித்தான். கரையும்போது தண்ணீரில் இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். 22 டிகிரியில் இருந்த 200 மில்லி தண்ணீரில் 20 கிராம் போட்டதும் 15 டிகிரிக்கு இறங்கியது என்று மகள் எழுதியிருக்கிறாள். வெறும் பத்துக்கு ஒரு பங்கு உரத்துக்கே ஏழு டிகிரி! ஒரு முழு மூட்டையைக் காலைக் குளிரில் மொத்தமாகக் கொட்டினால், பாதி கரைவதற்குள் தண்ணீர் விறைத்துப்போய் மிச்சத்தை ஏற்காது. அதனால் பனிக்காலத்தில் மதியம் 12 மணிக்குமேல், வெயில் பட்ட தண்ணீரில், மூன்று நாலு தவணையாகப் போட்டுக் கலக்குங்கள்.

இனி என்ன செய்வது?

இப்போது படிந்திருக்கும் ஊசிக்கு: டிரம்மில் இடம் இருந்தால் இன்னும் 40 லிட்டர் தண்ணீர் சேர்த்து, மதியத்தில் நன்றாகக் கலக்குங்கள். 120 லிட்டரில் 25 கிலோ என்றால் 10 டிகிரி வரை படியாது. சின்ன டிரம்மாக இருந்தால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சத்து எதுவும் வீணாகவில்லை. கரைந்ததும் பழையபடி செடிக்குப் போகும்.

இனிமேலுக்கு: கார்த்திகை முதல் தை முடியும்வரை 80 லிட்டருக்கு அரை மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 லிட்டருக்கு 16 கிலோவுக்கும் குறைவான கணக்கு அது. 5 டிகிரி குளிரிலும் படியாது. தண்ணீரை முதலில் அளந்து ஊற்றிவிட்டு, பிறகு உரத்தைப் போடுங்கள். 25 கிலோ கரைந்தால் மட்டம் சுமார் பத்து லிட்டர் உயரும். உரத்தைப் போட்டுவிட்டு 80 லிட்டர் கோடு வரை தண்ணீர் ஊற்றினால், உண்மையில் தண்ணீர் 70 லிட்டர்தான் இருக்கும், கணக்கு தப்பிவிடும்.

கரைசலின் கெட்டி பாதியாகிவிட்டதால், செடிக்கு அதே அளவு சத்து போக வெஞ்சூரியை இரண்டு மடங்கு நேரம் திறந்து வையுங்கள். அரை மணி நேரம் விட்டவர்கள் ஒரு மணி நேரம் விட வேண்டும். இதை மறந்துவிட்டால் செடிக்குப் பாதி உரம்தான் போகும்.

ஃபில்டர் அடைப்பதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. அடியில் 5 கிலோ தங்கியிருக்கும் நாட்களில் செடிக்குப் போவது மெலிந்த கரைசல். டிரம் காலியானதும், அடியில் இருப்பதோடு புது மூட்டையும் சேர்ந்துகொண்டால் அளவு கூடிவிடும். ஒரு வாரம் பட்டினி, ஒரு வாரம் விருந்து என்றால் ரோஜா எப்படி ஒரே சீராகப் பூக்கும்?

மற்ற உரங்கள் எப்படி?

100 லிட்டர் தண்ணீர் எத்தனை கிலோ ஏற்கும் என்பதைத் தோராயமாகத் தருகிறேன். முதல் எண் 10 டிகிரிக்கு, அடுத்தது 20-க்கு, மூன்றாவது 30-க்கு.

13-0-45: 21, 32, 46
மியூரியேட் ஆஃப் பொட்டாஷ்: 31, 34, 37
0-0-50 (சல்பேட் ஆஃப் பொட்டாஷ்): 9, 11, 13
யூரியா: 85, 107, 135
சாப்பாட்டு உப்பு: மூன்றிலும் 36

இவை ஒவ்வொரு உரத்தையும் தனியாகக் கரைத்தால் வரும் அளவு. இரண்டு உரம் சேர்ந்தால் மாறும். 0-0-50 போடுகிறவர்கள் நன்றாகக் கவனியுங்கள். அது கோடையிலேயே கஞ்சத்தனமாகத்தான் கரையும். 25 கிலோவை 20 டிகிரியில் கரைக்க 230 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதை 100 லிட்டர் டிரம்மில் கொட்டிவிட்டுக் கடைக்காரரைக் கோபித்துப் பயனில்லை.

அப்படியானால் கலப்படமே இல்லையா?

படிவு வந்தது என்பதை மட்டும் வைத்துக் கலப்படம் என்று சொல்ல முடியாது. சந்தேகம் வந்தால் முதலில் இந்தச் சின்னச் சோதனையைச் செய்யுங்கள். படிந்ததில் ஒரு கரண்டி எடுத்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். கரைந்துவிட்டால் அது குளிர் செய்த வேலை. கரையாமல் மாவு மாதிரி நின்றால் வேறு காரணம் இருக்கிறது. பெரும்பாலும் அது நாமே செய்த தப்பாக இருக்கும். கால்சியம் நைட்ரேட்டையும் 0-0-50 அல்லது 12-61-0 உரத்தையும் ஒரே டிரம்மில் கலந்திருப்போம். கால்சியம் அவற்றோடு சேர்ந்து சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகத் திரியும். அது வெந்நீரிலும் கரையாது, சொட்டுவானையும் அடைத்துவிடும். கால்சியத்துக்கு எப்போதும் தனி டிரம், தனி நாள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெந்நீரில் கரைந்துவிட்டது என்பதால் மட்டும் உரம் சுத்தம் என்று ஆகிவிடாது. சாப்பாட்டு உப்பைக் கலந்திருந்தாலும் அது கரையத்தான் செய்யும். ஆனால் உங்கள் மகள் எடுத்த அளவுகள் நாலும் சரியாக வந்திருக்கின்றன. உப்பு கணிசமாகக் கலந்திருந்தால், ஊசி விழும் டிகிரி இப்படி ஒத்து வந்திருக்காது. அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால், பிரிக்காத மூட்டையோடும் பில்லோடும் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். உர ஆய்வாளர் முறைப்படி மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். கடைவாசலில் சத்தம் போடுவதைவிட அதுதான் நமக்கும் பாதுகாப்பு.

கடைசியாக அந்தக் கடைக்காரர் விஷயம். உங்கள் வீட்டுக்காரர் கோபப்பட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. கஷ்டப்பட்ட காசு அடியில் கிடந்தால் யாருக்கும் வயிறு எரியும். ஆனால் நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தையை நாலு பேர் முன்னால்தான் எடுக்க வேண்டும். அந்தக் கண்ணாடி பாட்டிலில் 40 கிராம் உரத்தை 100 மில்லி தண்ணீரில் முதல் நாளே புதிதாகக் கரைத்து வைத்து, கையோடு கொண்டுபோங்கள். காலையில் போனால் அடியில் ஊசி இருக்கும். கடையிலேயே ஒரு சொம்பு வெந்நீர் கேட்டு வாங்கி, கொஞ்சம் ஆறியதும் பாட்டிலை அதில் நிறுத்துங்கள். ஊசி கரைந்து தெளிவதை அவரும் பார்க்கட்டும், பக்கத்தில் நிற்கிறவர்களும் பார்க்கட்டும். அடுத்த மார்கழியில் வேறு யாராவது அவரிடம் இதே சண்டைக்கு வந்தால், அவர் கையில் ஒரு பதில் இருக்கும்.

*

கேள்வி: ஏற்காடு மலையில் காப்பி, மிளகு வைத்திருக்கிறோம். போர்டோ கலவைக்கு மயில்துத்தம் கரைய குளிரில் ரொம்ப நேரம் ஆகிறது. எல்லாவற்றையும் வெந்நீரிலேயே கரைத்துக் கலக்கலாமா?
– ஒரு வாசகர், சேலம் மாவட்டம்

பதில்: கரையும் அளவு வேறு, கரையும் வேகம் வேறு. மேலே சொன்ன வாசகிக்கு அளவில் சிக்கல். உங்களுக்கு வேகத்தில்தான் சிக்கல். ஒரு சதவிகித போர்டோ கலவைக்கு ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டரில் கரைக்கிறோம். 20 டிகிரி தண்ணீரே 100 லிட்டருக்கு 30 கிலோவுக்குமேல் மயில்துத்தத்தை ஏற்கும். எனவே எவ்வளவு குளிராக இருந்தாலும் உங்கள் ஒரு கிலோ கரைந்துதான் ஆகும். நேரம்தான் எடுக்கும்.

முதல் நாள் ராத்திரியே மயில்துத்தத்தைப் பொடித்து, மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டி, பிளாஸ்டிக் டிரம்மின் மேல்மட்டத் தண்ணீரில் முங்கும்படி தொங்கவிடுங்கள். கரைந்த தண்ணீர் கனத்துக் கீழே இறங்கும். புதுத் தண்ணீர் மூட்டையைத் தொடும். காலையில் மூட்டை காலியாக இருக்கும். அடியில் கொட்டி வைத்தால், கரைந்த கனத் தண்ணீர் அதன்மேலேயே மூடி நின்று வேகத்தைக் கெடுக்கும். அவசரம் என்றால் இரண்டு லிட்டர் வெந்நீரில் கரைத்து, மீதித் தண்ணீரைச் சேர்த்து ஆற வைக்கலாம். இரும்பு, தகரப் பாத்திரம் கூடாது.

சுண்ணாம்புக்கு வெந்நீர் தேடாதீர்கள். அது மற்ற உப்புகளுக்கு நேர் எதிர்; தண்ணீர் சூடாக ஆகக் கரையும் அளவு குறையும். சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது தானாகவே கொதிக்கும். அது நன்றாக ஆறிய பிறகு வடிகட்டிப் பயன்படுத்துங்கள். இரண்டும் ஆறியிருந்தால்தான் கலவை நைசாக வந்து இலையில் ஒட்டும். சூட்டோடு கலந்தால் பிசிறு தட்டி, அடியில் படிந்து, தெளிப்பானை அடைக்கும்.

*

கேள்வி: வேதாரண்யத்தில் உப்பளத்தில் வேலை செய்கிறோம். ஏழாவது படிக்கும் என் மகன் கேட்கிறான்: "சர்க்கரைப் பாகை ஆற வைத்தால் கற்கண்டு விளையுதே, உப்புத் தண்ணீரையும் குளிர வைத்து உப்பு எடுக்கலாமே, ஏன் வெயிலில் காயுறீங்க?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– ஒரு வாசகி, நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். சர்க்கரையை 100 டிகிரியில் ஒரு கிலோ தண்ணீர் கிட்டத்தட்ட ஐந்து கிலோ ஏற்கும்; 20 டிகிரியில் இரண்டு கிலோதான். ஆறினால் மிச்சம் கற்கண்டாக விளைகிறது. சாப்பாட்டு உப்புக்கு அந்தக் குணம் இல்லை. மேலே இருக்கும் கணக்கைப் பாருங்கள்: பனியிலும் வெயிலிலும் 100 லிட்டருக்கு 36 கிலோதான். ஆற வைத்தால் கீழே விழ ஒன்றும் இருக்காது. தண்ணீரை வற்ற வைப்பது ஒன்றுதான் வழி. கடல் தண்ணீர் 100 லிட்டரில் சாப்பாட்டு உப்பு மூன்று கிலோகூட இருக்காது. பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் வற்றிய பிறகுதான் பாத்தியில் உப்பு பூக்கும். அந்த ஒன்பது பங்கையும் தூக்கிக்கொண்டு போவது வெயிலும் காற்றும்தான்.

வெடியுப்புக்கும் சாப்பாட்டு உப்புக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை வைத்தே ஒரு தொழில் நடந்தது. பீகாரில் நுனியா என்ற சமூகத்தார் மண்ணைச் சேகரித்து, நீர் விட்டு வடித்து, அந்த நீரைக் காய்ச்சி ஆற வைப்பார்கள். வெடியுப்பு ஊசியாக விழும். சாப்பாட்டு உப்பு தண்ணீரிலேயே நின்றுவிடும். இரண்டையும் பிரிக்க அவர்களுக்குக் குளிர் ஒன்றே போதுமாக இருந்தது. வெடிமருந்துக்காக டச்சு, ஆங்கிலக் கம்பெனிகள் பாட்னாவில் அதை வாங்கிக் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயின. ஓசூர்ப் பக்கம் டிரம்மில் இன்று நடப்பதும் அதே சங்கதிதான் என்று பையனிடம் சொல்லுங்கள்.

*

குளிர்ப் பிரதேசத்தில் சொட்டுநீரில் உரம் விடும் வாசகர்கள், உங்கள் டிரம்மில் அதிகாலை 6 மணிக்கு எத்தனை டிகிரி என்பதை ஒரு வாரம் குறித்து, ஊர்ப் பெயரோடு ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்புங்கள். எந்த ஊருக்கு எத்தனை லிட்டருக்கு எத்தனை கிலோ என்று கணக்குப் போட்டு, வரும் இதழ்களில் தருகிறேன்.